அண்ணாந்து பார்க்காத மாப்பிள்ளை

1

என் மனைவி தவமணி துணிகளைத் தொங்கவிடுகிறவள். நாங்கள் இருக்கும் இந்த டென்மார்க் ஊரின் கலைக்கூடத்துக்காரர் அதை வேறு மாதிரிச் சொல்வார்கள். துணி, நிறம், வெளிச்சம் மூன்றையும் கொண்டு அரூப வெளிகளைக் கட்டமைக்கும் சமகாலக் கலைஞர் என்று அவர்களுடைய புத்தகத்தில் போட்டிருக்கிறார்கள். எனக்கு அது விளங்காமல் மகள் சுபாவைக் கூப்பிட்டு மொழிபெயர்க்கச் சொன்னேன். சுபா எட்டு வயதில் இங்கே வந்தவள், இப்போது நகரசபையில் வேலை. அவள் பேசும் தமிழில் வினைச்சொல் வசனத்தின் நடுவில் வந்து குந்திக்கொள்ளும்.

"அம்மா கட்டுறா வெளியை, துணியால" என்றாள்.

"வெளியை எப்படிப் பிள்ளை கட்டுறது?"

"அப்பா, நீங்கள் கொஞ்சம் சும்மா இருங்கோ" என்றாள். அந்த வசனத்தில் மட்டும் வினைச்சொல் சரியான இடத்தில் இருந்தது.

இந்தக் கோடையில் தவமணிக்குக் கலைக்கூடத்தின் நடு மண்டபத்தைக் கொடுத்தார்கள். கண்ணாடிக் கூரை போட்ட பெரிய மண்டபம். ஆஸ்பத்திரிகள் கழித்துவிட்ட கட்டில் விரிப்புகளை வாங்கி, கிழித்து, தைத்து, அடுக்கடுக்காக அதன் கீழே கட்டியிருந்தாள். திறப்பு விழா வரை எங்களில் ஒருவருக்கும் காட்டவில்லை. விழாவன்று நகரத்துப் பெரிய மனிதர்கள் எல்லாம் வைன் கிண்ணத்தோடு அண்ணாந்து நின்றார்கள். பத்திரிகைக்காரப் பெண் ஒருத்தி ஒலிவாங்கியை என் வாய்க்கு நேரே பிடித்து, கலைஞரின் கணவர் என்ன நினைக்கிறார் என்று கேட்டாள்.

டேனிஷ் மொழியில் எனக்குப் பிழையில்லாமல் தெரிந்த சொற்கள் நிறங்களும் கிழமைகளும்தான். அதனால் தைரியமாகச் சொன்னேன். "இந்த மஞ்சள் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. இவளுக்கு மஞ்சள்தான் கைவந்த நிறம்."

சுபா நிலத்தைப் பார்த்தாள். அங்கே மஞ்சள் ஒரு நூல்கூட இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. முழுவதும் வெள்ளை. அவளுடைய இரண்டு வருட வேலை முழுவதும் அந்த ஒரு நிறத்தில்தான் இருந்தது.

தவமணி பத்திரிகைக்காரியைப் பார்த்துச் சிரித்தாள். "அவர் சொல்வது சரி. வெயில் திரும்பட்டும், தெரியும்" என்றாள்.

2

வீட்டுக்கு வந்ததும் தவமணி குசினி மேசையில் ஒரு கோப்பை பாலை வைத்தாள்.

"இது என்ன நிறம்?"

"பால் நிறம்."

"அது எனக்கும் தெரியும். என்ன நிறம் எண்டு சொல்லுங்கோ."

"நெய் மாதிரி."

அவள் தன் வெள்ளை ரவிக்கையின் கையைப் பிடித்துக் காட்டினாள். அதுவும் நெய் மாதிரித்தான் இருந்தது. என் தலைமயிரைக் கேட்டாள். தேன் நிறத்தில் நரைத்திருக்கிறது என்றேன். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன், சிரிக்கவில்லை.

கண்ணில் புரை என்று டாக்டர் சொன்னார். வருடக்கணக்கில் மெல்ல மெல்லப் படிந்து, உலகத்துக்கே மஞ்சள் பூசிவிட்டதாம். கொஞ்சம் கொஞ்சமாக வருவதால் ஆளுக்குத் தெரியாதாம். வெட்டி எடுத்துவிடலாம், ஒரு கண்ணுக்கு ஒரு தேநீர் குடிக்கும் நேரம் போதும் என்றார். நல்லது என்று சொல்லி எழும்பினேன். இரண்டு கிழமையில் கடிதம் வந்தது. ஒக்டோபரில் வரட்டாம்.

ஒக்டோபர் என்றால் பிரச்சினை. கண்காட்சி ஆவணியோடு முடிகிறது. முடிந்ததும் அந்த விரிப்புகள் எல்லாவற்றையும் கொடுத்த இடத்துக்கே திருப்பிக் கொடுக்கவேண்டும், அவர்கள் நார் நாராக அரைத்து வேறெதற்கோ பயன்படுத்துவார்கள். அது ஒப்பந்தம். ஆவணிக்குள் நான் பார்க்காவிட்டால், தவமணியின் வெள்ளையை இந்தப் பிறவியில் பார்க்கப்போவதில்லை. மண்டபத்தில் நின்று அதை மஞ்சள் என்று சொன்ன மனிதனாகவே போய்ச்சேரவேண்டியதுதான்.

சுபாவிடம் சொன்னேன், நகரசபையில் இருக்கிறாய், ஏதாவது செய் என்று.

"வரிசை வரிசைதான், அப்பா. இது இலங்கை இல்லை."

"இலங்கையில எண்டால் நான் அப்பவே கிளிநொச்சி ஆஸ்பத்திரியில ஆளைப் பிடிச்சிருப்பன்."

"அதுக்குத்தான் சொல்லுறன், இது இலங்கை இல்லை."

மஞ்சளால் எனக்கு வந்த வில்லங்கம் இது முதலாவது அல்ல. முதலாவது, தவமணியைப் பெண் பார்க்கப் போன அன்று வந்தது.

3

அறுபதுகளின் நடுப்பகுதி. நான் கிளிநொச்சியில் நீர்ப்பாசனக் கந்தோரில் கிளாக்கர். சொந்த ஊர் தென்மராட்சி. அப்பா போனபின் அம்மா அங்கே தனியாக, வெள்ளைச் சேலையும் விபூதியுமாக இருந்தார். கலியாணத் தரகர் சுப்பையா ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார். எங்கள் பக்கத்து ஆட்கள்தான், ஆனால் பத்து வருடம் முன்னர் கிளிநொச்சிக் குடியேற்றத் திட்டத்தில் மூன்று ஏக்கர் வயலுக்குப் போனவர்கள். "காடு வெட்டப் போன ஆக்களோ" என்று அம்மா மூக்கைச் சுளித்தார். மூன்று ஏக்கரும் வாய்க்கால் தண்ணீர் பாயும் வயல் என்று சுப்பையா சொன்னதும் சுளிப்பு மெல்லச் சரியாகிவிட்டது.

சம்பந்தம் கலக்க நாள் வைத்தார்கள். பெண் வீட்டாரின் குடிசை சின்னது, உள்ளே பட்டப்பகலிலும் இருட்டு. அதனால் தவமணியின் தகப்பன் வாசலில் ஒரு பந்தல் போட நினைத்தார். கூரை வேயும் தென்னோலைக் கிடுகு ஏற்றிய வண்டில் பளையில் இருந்து வரவேண்டும். பாதி கிடுகு முதல் நாளே வந்துவிட்டது. மற்றப் பாதியை ஏற்றிய வண்டில்காரர் வழியில் யானை நிற்கிறது என்று எங்கோ மாட்டை அவிழ்த்துவிட்டுப் படுத்துவிட்டார். நாங்கள் வரும் காலையில் பந்தலின் முன்பாதிக்குக் கிடுகு இருந்தது, வீட்டு வாசலை ஒட்டிய பாதியில் வெறும் தடிகள். வெயில் மண்டையைப் பிளக்கும் மாதம்.

இந்த இடத்தில் ஒரு வழக்கத்தைச் சொல்லவேண்டும். எங்கள் பக்கத்தில் நல்லதோ கெட்டதோ எது நடந்தாலும், பந்தலுக்குள் வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டுவது கட்டாடியின் வேலை. கட்டாடி என்றால் ஊருக்குத் துணி வெளுப்பவர். வெள்ளை கட்ட வேறு ஒருவரும் கைவைக்கமாட்டார்கள். சாதி என்ற சொல்லைச் சொல்லமாட்டோம், வழக்கம் என்போம், சொல்லும்போது முகத்தை நல்ல பிள்ளையாக வைத்துக்கொள்வோம். அரசாங்கம் குடியேற்றத் திட்டத்துக்குக் காணி கொடுத்தது, வாய்க்கால் கொடுத்தது, மண்வெட்டிகூடக் கொடுத்தது. கட்டாடியைக் கொடுக்கவில்லை.

தவமணிக்கு அப்போது இருபது வயது. தகப்பன் எங்களைக் கூட்டிவர ஸ்டேசனுக்குப் போய்விட்டார், தாய் அடுப்படியில். இவள் வெறும் தடிகளைப் பார்த்திருக்கிறாள். வெள்ளையைக் கட்டினால் கட்டாடி வேலை பார்த்தவள் என்று கதை வரும். அதனால் பெட்டியைத் திறந்து தன்னுடைய மெல்லிய மஞ்சள் வொயில் சேலையையும் தாயின் பச்சைச் சேலையையும் எடுத்து, கதிரையில் ஏறித் தடிகளுக்கு மேலே விரித்துக் கட்டிவிட்டாள். நிறத்துணி கட்டினால் என்ன கதை வரும் என்று அதுவரை ஒருவருக்கும் தெரியாது. அந்தக் கதையைக் கண்டுபிடித்த பெருமை எங்கள் குடும்பத்துக்கு உரியது.

அம்மா ஸ்டேசனில் இருந்தே எனக்குப் புத்தி சொல்லிக்கொண்டு வந்தார். புதிதாகச் சம்பந்தம் பேசும் வீட்டில் அண்ணாந்து பார்க்கக் கூடாது. கூரையின் ஓட்டையை எண்ண வந்தவர்கள் என்று நினைப்பார்கள். மாப்பிள்ளை நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கவேண்டும், பெண் வரும்போது ஒரு தரம் நிமிரலாம். எங்களை முன்பாதியில் கிடுகின் கீழ் இருத்தினார்கள். கிடுகுகளின் நுனி தாழத் தொங்கியதால் வாசலுக்கு மேலே என்ன இருக்கிறது என்று குனிந்து எட்டிப் பார்த்தால்தான் தெரியும். நல்ல குடும்பத்தார் என்பதால் நாங்கள் எட்டிப் பார்க்கவில்லை.

தவமணி தேத்தண்ணித் தட்டோடு வாசலில் வந்து நின்றாள். நான் எனக்கு உரிய ஒரு தரத்தை எடுத்து நிமிர்ந்தேன். முகம் மஞ்சள். கண்ணின் வெள்ளை மஞ்சள். மரியாதைக்குச் சிரித்தாள், பல்லும் மஞ்சள். இரண்டு அடி எடுத்து வைத்தாள், பச்சையாகிவிட்டாள். அம்மாவின் விரல்கள் என் முழங்கையில் இறங்கின.

திரும்பும் வழியில் காரில் அம்மா சொன்னார். "தம்பி, பெட்டைக்குச் செங்கமாரி."

மஞ்சள் காமாலையை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம்.

"முத்தியிட்டுது. பச்சை பிடிச்சிட்டுது, கண்டனியே?"

"கண்டனான்" என்றேன். கண்டதைக் கண்டேன் என்றுதானே சொல்லலாம்.

அம்மா கல்நெஞ்சுக்காரி அல்ல. அடுத்த கிழமை சுப்பையாவிடம் ஒரு கட்டுக் கீழ்க்காய்நெல்லி கொடுத்துவிட்டார். செங்கமாரிக்கு அதுதான் மருந்து. கூடவே ஒரு செய்தியும் போனது. "முதல்ல பிள்ளையைக் குணப்படுத்துங்கோ. பிறகு பாப்பம்."

எங்கள் ஊரில் பிறகு பாப்பம் என்றால் இனி இந்தப் பக்கம் வராதே என்று பொருள்.

4

தண்ணீர் வராத வாய்க்காலிலும் கதை ஓடும். ஒரு மாதத்துக்குள் அந்தத் திட்டத்து ஆட்கள் கந்தோருக்கு வந்து தண்ணீர் குறைவு என்று முறைப்பாடு எழுதும்போது, போகிற போக்கில் என்னிடமும் ஒரு சொல் சொல்லிவிட்டுப் போனார்கள். "தப்பினீங்கள், தம்பி. கிட்டப் போனாலே தொத்துமாம்."

எனக்கு அது பிடிக்கவில்லை. ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை. ஒரு நாள் மதகு பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தேன். கிளாக்கருக்கும் மதகுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, கந்தோரில் ஒருவரும் கேட்கவும் இல்லை.

தவமணி வாய்க்கால் கரையில் குடத்தோடு நின்றாள். உச்சி வெயில். நல்ல கறுப்பு. வெயிலில் மினுங்கும் கறுப்பு. மஞ்சள் மருந்துக்கும் இல்லை.

"வாய்க்கால் பாக்க வந்தனீங்களோ, என்ர கண்ணைப் பாக்க வந்தனீங்களோ?"

"ரெண்டும்."

குடத்தை இறக்கி வைத்தாள். டாக்டருக்குக் காட்டுவதுபோல ஒரு விரலால் கீழ் இமையை இழுத்துக் காட்டினாள். "வடிவாப் பாருங்கோ."

பார்த்தேன். வெள்ளை வெளேர் என்று இருந்தது.

"அண்டைக்கு மஞ்சளா இருந்தது" என்றேன்.

"அண்டைக்கு மேல ஆர் பாத்தவை?"

"மேல என்ன?"

"என்ர சேலை."

எனக்கு விளங்கச் சிறிது நேரம் எடுத்தது. பிறகு எங்கள் வீட்டு மரியாதையை எடுத்துச் சொன்னேன், கூரையைப் பார்க்கக் கூடாது என்பதை. அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"வந்த ஆக்கள் என்ர பல்லைப் பாத்தீங்கள், காலைப் பாத்தீங்கள், நடையைப் பாத்தீங்கள். கூரையைப் பாக்கிறது மட்டும் மரியாதைக் குறைவோ?"

நான் சைக்கிள் மணியைத் துடைத்தேன்.

"நீங்கள் என்னைக் கட்டாட்டிலும் பறவாயில்லை" என்றாள். குரல் அப்போதுதான் கொஞ்சம் இறங்கியது. "இப்ப இந்த வாய்க்கால் முழுக்க நான் செங்கமாரிக்காரி. பக்கத்து வளவுப் பிள்ளையளை எங்கட கிணத்தில தண்ணி குடிக்க விடீனமில்லை. இனி ஒருத்தரும் எங்கட வாசல் படலைக்கு வராயினம். உங்கட அம்மா ஒருக்கா வரட்டும். வந்து, அதே பந்தலுக்குக் கீழ இருந்து, இவளுக்கு ஒரு நோய் வருத்தமும் இல்லை எண்டு தன்ர வாயால சொல்லிப்போட்டுப் போகட்டும். அது காணும் எனக்கு."

அந்த இடத்தில் எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. வேறு ஒருத்தியையும் கட்டுவதில்லை என்று சைக்கிளைத் திருப்பும்போது முடிவெடுத்தேன். அதை அவளிடம் சொல்லாமல், மதகு நல்லாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

5

வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு அம்மா வந்தார். கும்பிட்டு முடிந்து, ஒட்டுசுட்டான், மாங்குளம் என்று பஸ் மாறி மாறிக் கிளிநொச்சிக்குத் திரும்பினோம். சுப்பையாவும் எங்களோடு. அம்மன் வாசலில் அம்மாவின் மனம் இளகியிருக்கும் என்று நான் கணக்குப் போட்டு, வழியில் சொன்னேன். "அம்மா, அந்தப் பிள்ளை சுகமாம். நேர கண்டனான். வீட்டை கூப்பிடினம், ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவம்."

"நீ ஏன் கண்டனி?" என்றார் அம்மா. மதகு என்றேன். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார், ஆனால் வந்தார்.

அதற்குள் மற்றக் கிடுகும் வந்து பந்தலை முழுதாக வேய்ந்திருந்தார்கள். ஆனால் ஒரு கதிரைக்கு மேலே மட்டும் கிடுகை நீக்கி, அந்த மஞ்சள் வொயில் சேலையை அவள் விரித்திருந்தாள். அந்தக் கதிரையில் அம்மாவை இருத்தினார்கள். அம்மா வழக்கம்போல அண்ணாந்து பார்க்கவில்லை.

நடந்தது எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அம்மாவின் வெள்ளைச் சேலை மஞ்சளாகிவிட்டது. விபூதி மஞ்சள், நரைமயிர் மஞ்சள், கை இரண்டும் மஞ்சள். சுப்பையா வாயைத் திறந்தவர் மூடவில்லை. தவமணியின் தகப்பன் மெல்ல நழுவி மாட்டுக்கொட்டில் பக்கம் போய்விட்டார்.

தவமணி ஒரு செம்போடு வந்து, வெயிலிலேயே நின்றாள்.

"மாமி, குடியுங்கோ. கீழ்க்காய்நெல்லி. நீங்கள் அனுப்பினதுதான், நிழல்ல காய வைச்சு எடுத்து வைச்சனான்." பிறகு ஒவ்வொரு சொல்லாக, மரியாதை கொஞ்சமும் குறையாமல் சொன்னாள். "முதல்ல குணப்படுத்துவம். பிறகு பாப்பம்."

அம்மா தன் மடியைக் குனிந்து பார்த்தார். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, தன் வாழ்நாளில் முதல் முறையாக, பிறர் வீட்டில் இருந்துகொண்டு அண்ணாந்து பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். சேலையின் ஊடாக வெயில் அவர் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. அப்பா போனபின் நிறமே படாத முகம் அது. அப்போது அது எனக்குத் தோன்றவில்லை, இப்போது எழுதும்போது தோன்றுகிறது. அன்று நான் அம்மாவின் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா எழும்பிப் போனால் எல்லாம் முடிந்தது.

அம்மா செம்பை வாங்கினார். கைப்பில் முகம் ஒரு சுளி சுளிக்காமல் முழுவதையும் குடித்தார்.

"தண்ணியில அவிச்சுப்போட்டாய், பிள்ளை" என்றார். "இது பாலில அரைச்சுக் குடுக்கிற மருந்து. அடுத்தமுறை பாலில தா."

அடுத்தமுறை என்ற சொல்லைக் கேட்டதும் சுப்பையா வாயை மூடினார். மாட்டுக்கொட்டில் பக்கம் இருந்து ஒரு இருமல் கேட்டது.

திரும்பும்போது அம்மா காரைக் கூப்பிடவேண்டாம் என்று சொல்லிவிட்டு வாய்க்கால் வழியே நடந்தார். படலைக்குப் படலை நின்று தண்ணீர் கேட்டுக் குடித்தார். "என்ர மருமகள் வீட்டை போட்டு வாறன். சரியான வெயில்" என்று ஒவ்வொரு வீட்டிலும் சொன்னார். ஒருவரும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. கிளிநொச்சி வந்து சேரும்போது அவருக்கு வயிறு முட்டி மூச்செடுக்க முடியவில்லை.

ஆவணியில் கலியாணம். அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். பந்தலுக்கு வெள்ளைதான், அதுவும் தென்மராட்சியில் இருந்து எங்கள் கட்டாடி ரயிலில் வந்து கட்டவேண்டும், பெண் எந்தத் துணியிலும் கைவைக்கக் கூடாது. அப்படியே நடந்தது. எங்கள் ஊரவரான என் கந்தோர் நண்பர் ஒருவர், வெளுக்கக் கொடுத்த தன் வேட்டி என் தலைக்கு மேலே தொங்குவதைக் கண்டு, தாலி கட்டும் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தவமணி குனிந்த தலை நிமிராமல் இருந்தாள். வெட்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள். அது கோபம். தன் பந்தலைத் தன்னைக் கட்ட விடவில்லை என்ற கோபம், பல வருடம் வைத்திருந்தாள்.

6

எண்பதுகளில் இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்தோம். ஏன் வந்தோம் என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் இருவருக்கும் கிடைத்த வேலை ஒரு சலவை ஆலையில். சுற்றியுள்ள ஆஸ்பத்திரிகளின் விரிப்பு, தலையணை உறை, டாக்டர்மாரின் மேலங்கி எல்லாம் லொறி லொறியாக வரும். வெளுத்து, காயவைத்து, மடித்து அனுப்பவேண்டும். எந்த வேலைக்காக ஒரு மனிதரைப் படலைக்கு வெளியே நிற்பாட்டி வைத்தோமோ, அதே வேலைக்குக் காலை ஆறு மணிக்கு நாங்களே ஓட்டமும் நடையுமாகப் போனோம். அம்மாவுக்கு, வெள்ளை உடுப்புப் போட்டு ஆஸ்பத்திரிக்காகச் செய்யும் வேலை என்று எழுதினேன். அம்மா என்னை டாக்டருக்கு அடுத்த ஆள் என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்தார்.

கடல் தாண்டினால் சாதி கரைந்துவிடும் என்று ஊரில் யாராவது நினைத்தால், அப்படி ஒன்றும் இல்லை. எனக்கு அடுத்த இயந்திரத்தில் நின்ற தமிழர், தான் மடிக்கும் பகுதி, தோய்க்கும் பகுதி அல்ல என்று புதிதாக வருகிற ஒவ்வொரு தமிழருக்கும் விளக்கம் சொல்வார்.

தவமணி அங்கே சந்தோசமாக இருந்தாள். கிழிந்த விரிப்புகளைக் கேட்டு வாங்கி வந்து, சாயம் போட்டு, வீட்டு யன்னலில் தொங்கவிட்டாள். குளிர்காலத்துச் சோகை வெயிலில் எங்கள் வரவேற்பறை சிவப்பாகும், நீலமாகும். சோறு நீலமாக இருந்தால் எனக்கு இறங்காது என்று முறைப்பட்டேன். சுபா தன் சிநேகிதிகளை வீட்டுக்குக் கூட்டிவர வெட்கப்பட்டாள். பிறகு ஊர் நூலகத்தில் கேட்டார்கள், பிறகு இன்னோர் ஊரில் கேட்டார்கள், இப்போது சுபா தன் தாயைப்பற்றிப் பேட்டி கொடுக்கிறாள்.

எந்த நிறத்தைத் தொங்கவிட்டாலும் இங்கத்தைய ஆட்கள் அதைப் போர் என்று எழுதுவார்கள். சிவப்பு இரத்தம், கறுப்பு இழப்பு. இந்த முறை வெள்ளையைப் பிணத்துணி என்று சுவரில் எழுதி ஒட்டினார்கள். சுபா வாசித்துக் காட்டியபோது தவமணி, "நான் கட்டினது கலியாணப் பந்தல்" என்றாள். "என்னைக் கட்ட விடாத பந்தல்."

அதைக் கேட்ட பின் ஒக்டோபர் வரை காத்திருக்கவே முடியாது என்று எனக்கு ஆகிவிட்டது.

7

வரிசை வரிசைதான் என்று சொன்ன சுபா, ஒவ்வொரு காலையும் வேலைக்குப் போகுமுன் கண் ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசி எடுத்து, யாராவது வராமல் விட்டார்களா என்று கேட்டிருக்கிறாள். எனக்கு ஒரு சொல் சொல்லவில்லை. ஆவணி முடிய ஒரு கிழமை இருக்கும்போது ஓர் ஆள் வரவில்லை. ஏன் வரவில்லை என்று நான் கேட்கவில்லை, என் வயதில் அது கேட்கக்கூடாத கேள்வி. வலது கண்ணைச் செய்தார்கள். இடது கண் ஒக்டோபரில்.

கட்டு அவிழ்த்ததும் முதலில் தவமணியைப் பார்த்தேன். முகம் முழுக்கச் சுருக்கம்.

"என்ன பாக்கிறீங்கள்?"

"நீர் கிழவியாப் போனீர்."

"கண்ணாடியைப் பாத்திட்டு வந்து கதையுங்கோ" என்றாள். பார்த்தேன். அங்கே அம்மாவின் முகச்சாயலில் ஒரு கிழவன் நின்றான். தலைமயிர் தேன் நிறம் இல்லை.

கண்காட்சியின் கடைசி நாளும் எங்கள் அறுபதாவது கலியாண நாளும் ஒன்றாக வந்தன. இங்கே அப்படியான நாளில் அயலவர்கள் வாசலில் பைன் கொப்புகளால் வளைவு கட்டி, விடிய வந்து பாட்டுப் பாடுவார்கள். பாடினார்கள். வலது கண்ணால் பார்த்தபோது கொப்பு பச்சை, இடது கண்ணால் பார்த்தபோது காய்ந்த பச்சை. கோப்பி கொடுத்து அனுப்பிவிட்டுக் கலைக்கூடத்துக்குப் போனோம்.

இடது கண்ணைப் பொத்திக்கொண்டு மண்டபத்துக்குள் நுழைந்தேன். அண்ணாந்து பார்த்தேன்.

வெள்ளை என்று ஒன்று இருப்பதையே நான் மறந்துபோயிருந்தேன். ஒரு விரிப்புக்கு மேல் இன்னொன்று, அதற்கு மேல் இன்னொன்று, மேலே கண்ணாடிக்கு அப்பால் வானம். நாங்கள் இருவரும் வெளுத்து மடித்த துணிகள். அழுகை வந்தது. புதுக் கண்ணில் தண்ணீர் படக்கூடாது என்று சுபா கைக்குட்டையோடு ஓடிவந்தாள்.

மெல்ல நடந்து, திறப்பு விழாவில் ஒலிவாங்கியோடு நின்ற இடத்துக்கு வந்தேன். என் வெள்ளைச் சேர்ட் மஞ்சளாகியது. புரைக் கண்ணின் வேலை என்று நினைத்து அதை இன்னும் இறுக்கிப் பொத்தினேன். மஞ்சள் போகவில்லை. கையை மாற்றி மற்றக் கண்ணைப் பொத்தினேன். அதுவும் மஞ்சள் என்றது. நிலத்திலும் மஞ்சள் வெளிச்சம் ஒரு பாய் அகலத்துக்குக் கிடந்தது. மேலே, வெள்ளைகளுக்கு நடுவில், மஞ்சள் வொயில் ஒரு துண்டு.

"இஞ்சாரும், இது அண்டைக்கும் இருந்ததோ?"

"இருந்தது" என்றாள் தவமணி, கைப்பையின் ஸிப்பை இழுத்துக்கொண்டு.

"அம்மா சொல்லுறா பொய்" என்றாள் சுபா. "அடுத்த நாள் காலமை வந்து ஏணி கேட்டவா. எண்பது வயசு ஆளை ஏத்த ஏலாது எண்டாங்கள். புதுத் துணியெண்டால் நெருப்புப் பிடிக்காது எண்டு சோதிக்கவேணும் எண்டாங்கள். அம்மா விடேல்லை. நான் பிடிச்சனான் ஏணியை."

நான் தவமணியைப் பார்த்தேன். "ரெண்டு வருசம் வெள்ளை தைச்சு, ஏன் இந்த வேலை?"

"அவ்வளவு சனத்துக்கு முன்னால மஞ்சள் எண்டு சொல்லிப்போட்டீங்கள்" என்றாள். "என்ர மனிசன் இல்லாததைச் சொல்லுற ஆள் எண்டு ஆக்கள் கதைக்கக் கூடாது."

நான் அந்த வெளிச்சத்தை விட்டு நகரவில்லை. பார்க்க வந்த டேனிஷ் மூதாட்டி ஒருவர் எங்களைக் கடந்து போனவர், திரும்பி வந்து என் முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு சுபாவிடம் மெதுவாக ஏதோ கேட்டார். சுபா சிரிப்பை அடக்க முடியாமல் எங்களுக்குச் சொன்னாள். உங்கள் அப்பாவின் நிறம் சரியில்லை, ஈரலைச் சோதித்துப் பார்த்தீர்களா என்று கேட்கிறாராம்.

தவமணி என் பக்கத்தில், அந்த மஞ்சளுக்குள் வந்து நின்றுகொண்டாள்.

"அவாவை அண்ணாந்து பாக்கச் சொல்லு, பிள்ளை" என்றாள்.